மலைப் பள்ளிக்கு சோலாரும் ஸ்மார்ட் போர்டும்: மூன்றரை லட்சத்தில் முதலில் எதை வாங்குவது?

கேள்வி, 9 ஜூன் 2024

அண்ணே, எங்கள் ஊர் கருமந்துறையைத் தாண்டி இன்னும் மேலே, கல்வராயன் மலையில். அரசு நடுநிலைப் பள்ளி, எட்டாவது வரை, தொண்ணூறு சொச்சம் பிள்ளைகள், நாலு ஆசிரியர்கள். திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் சேர்ந்து மூன்றரை லட்சம் திரட்டி வைத்திருக்கிறோம். ஒரு கம்பெனிக்காரர் வந்து 3 கிலோவாட் ஆன்-கிரிட் சோலார், 75 இன்ச் ஸ்மார்ட் போர்டு இரண்டையும் இந்தத் தொகைக்குள் முடித்துத் தருகிறேன், மானியம் 78,000 ரூபாய் தனியாக வரும் என்கிறார். எங்கள் மலையில் காற்றடித்தால் கரண்ட் போகும், சில சமயம் இரண்டு நாள் கழித்துத்தான் வரும். அதற்காகத்தான் சோலார் என்று முடிவு செய்தோம். அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?

9 ஜூன், மதியம்

கொடுக்காதீர்கள் தம்பி.

ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் இ.பி. லைனில் மின்சாரம் இருந்தால்தான் ஓடும். லைன் போனால் இரண்டு விநாடிக்குள் அதுவும் நின்றுவிடும், உச்சி வெயில் கொளுத்தினாலும் சரி. பழுது என்று நினைக்க வேண்டாம், வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் உங்கள் பேனல் அனுப்பும் மின்சாரத்தில் அடிபடுவார். ஆக எந்தக் காரணத்துக்காக சோலார் வாங்குகிறீர்களோ அந்த நேரத்தில், கூரைமேல் 3 கிலோவாட் இருந்தும், வகுப்பில் ஒரு ஃபேன்கூடச் சுற்றாது.

அப்புறம் அந்த 78,000. அது பிப்ரவரி 2024-ல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தின் மானியம், வீடுகளுக்கு. பள்ளிக்குக் கிடையாது.

9 ஜூன், இரவு

மதியம் கடையில் ஆள் நின்றதால் சுருக்கமாக எழுதினேன். நான் ஆத்தூர்ப் பக்கம் பேட்டரி, இன்வெர்ட்டர் வேலை செய்கிறவன். மலைமேல் பள்ளிகளில் யாராவது நன்கொடை கொடுத்து மாட்டிய செட் நின்றுபோனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அக்கா தொடக்கப் பள்ளி ஆசிரியை. அதனால் கூரைமேல் நடப்பதும் வகுப்புக்குள் நடப்பதும் இரண்டும் கொஞ்சம் தெரியும்.

எல்லோரும் பேனலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். 3 கிலோவாட்டா, 5 கிலோவாட்டா என்று. நீங்கள் ஆசிரியர்களிடமிருந்து ஆரம்பியுங்கள். ஒரு சாயங்காலம் நாலு பேரையும் உட்கார வைத்து, எந்தப் பாடத்துக்கு எது இருந்தால் உங்களுக்கு உதவி என்று கேளுங்கள். அக்காவிடம் கேட்டபோது சொன்னது, ஒரு டிவி, பென் டிரைவ் சொருகுகிற மாதிரி, நடுவில் நிறுத்திப் பேச வசதியாக ரிமோட்டோடு. அவ்வளவுதான். விதை முளைப்பதை ஐந்து நிமிடம் காட்டுவார், பாதியில் நிறுத்துவார், அடுத்து என்ன வெளியே வரும், வேரா தண்டா என்று கேட்பார். பிள்ளைகள் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைதான் பாடம். ப்ரொஜெக்டர் வேண்டாம் என்றதற்கும் காரணம் வைத்திருந்தார்: பகல் வெளிச்சத்தில் படம் தெரியாது, ஜன்னலைச் சாத்தினால் நாற்பது பிள்ளைகள் வேர்த்துக் கொட்டுவார்கள்.

இப்போது லோடு, அதாவது எது எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்ற கணக்கு. 43 இன்ச் எல்.இ.டி. டிவி சுமார் 80 வாட், மூன்று மணி நேரம். எல்.இ.டி. ட்யூப் ஆறு, ஒன்று 20 வாட், மழை நாளில் நாலு மணி நேரம். லேப்டாப் ஒன்று. ஃபேன் ஆறு, ஐந்து மணி நேரம். ஃபேனில்தான் விஷயம் இருக்கிறது. சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் அதே காற்றுக்கு 30 வாட். ஆறு ஃபேனுக்கு ஒரு நாளைக்கு 2.25 யூனிட் ஆகவேண்டியது 0.9 யூனிட்டில் முடிந்துவிடும். ஃபேனுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் பேனலிலும் பேட்டரியிலும் அதைவிட அதிகமாக மிச்சம். எல்லாம் கூட்டினால் இரண்டு யூனிட்டுக்குள் அடங்கும், இன்வெர்ட்டர், பேட்டரி நஷ்டத்தையும் சேர்த்தால் இரண்டரை. நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் பேனல் நல்ல நாளில் நாலு யூனிட் தரும். உங்களுக்கு 1 கிலோவாட் ஆஃப்-கிரிட், அதாவது இ.பி. லைனை நம்பாமல் பேட்டரியில் ஓடுவது, போதும். 24 வோல்ட் செட், 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி (தண்ணீர் ஊற்றும் லெட்-ஆசிட் வகை) இரண்டு. மூன்றரை லட்சத்தில் நல்ல பங்கு மிச்சம் இருக்கும், அதை என்ன செய்வது என்று அப்புறம் சொல்கிறேன்.

11 ஜூன்

ஹைபிரிட் போடலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஊருக்குள் இருக்கும் பள்ளிக்கு நல்ல யோசனை. இ.பி.க்கு மின்சாரம் விற்கவும் வேண்டும், லைன் போனால் பேட்டரியிலும் ஓட வேண்டும் என்றால் ஹைபிரிட்தான். இவர் பள்ளியில் 1 கிலோவாட்டில் ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகும் நாலு யூனிட்டை விற்க ஒரு மீட்டர், ஒரு விண்ணப்பம், அதற்கு ஐந்தாறு முறை மலையிறங்கி வருவது எல்லாம் கட்டுப்படியாகாது. சோலார் பி.சி.யு. (சார்ஜரும் இன்வெர்ட்டரும் சேர்ந்த ஒரே பெட்டி) ஒன்று போதும். வெயில் இருந்தால் வெயில், இல்லாவிட்டால் பேட்டரி, அதுவும் இறங்கினால் இ.பி. என்று அதுவே மாற்றிக்கொள்ளும்.

15 ஜூன்

பேட்டரி பற்றித் தனியாக எழுத வேண்டும். பள்ளிகளில் சோலார் செட் சாவது பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான்.

நடப்பது இதுதான். ஏப்ரல் கடைசியில் தேர்வு முடியும். தலைமை ஆசிரியர் பொறுப்பானவர், பள்ளியைப் பூட்டுமுன் எல்லா சுவிட்சையும் அணைப்பார், மெயினையும் இறக்கிவிடுவார், தீ விபத்து ஏதும் வரக்கூடாதே என்று. சில இடத்தில் பேனலிலிருந்து வரும் சுவிட்சும் அதே பெட்டியில் இருக்கும், அதையும் சேர்த்து இறக்கிவிடுவார். அரைகுறை சார்ஜில் நின்ற பேட்டரி ஆறு வாரம் அந்தச் சூட்டில் தானாகவே இறங்கிக்கொண்டே போகும். ஜூனில் பள்ளி திறந்து ஆன் செய்தால் இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்தும். நான் போய் மூடியைத் திறந்து பார்த்தால் தட்டு வெளியே தெரியும், அதில் வெள்ளையாகப் படிந்திருக்கும். ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை விட்டால் மிதவை மேலே வராது. 1.240 காட்டவேண்டிய இடத்தில் 1.100. டெர்மினலில் பச்சை பூத்திருக்கும். ஒரு செல் இரண்டு செல் என்றால் மெதுவாகச் சார்ஜ் ஏற்றித் தேற்றப் பார்ப்பேன். எல்லாம் போய்விட்டால் எடைக்குப் போட வேண்டியதுதான். வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகாத பேட்டரியை அப்படிப் போடும்போது வயிறு எரிகிறது. அந்தப் பணம் யாரோ திருப்பூரில் ஓவர்டைம் பார்த்து அனுப்பியது.

இதற்கு மருந்து காசு செலவில்லாதது. விடுமுறையில் லோடு பக்கத்தை மட்டும் அணைக்க வேண்டும். பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் வழி திறந்தே இருக்க வேண்டும். விடுமுறை விடும் நாளில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். கேன் தண்ணீர் கூடாது. ஆர்.ஓ. தண்ணீரும் டிஸ்டில்டு வாட்டரும் ஒன்று என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், ஒன்று கிடையாது. பேட்டரி என்பது கறவை மாடு மாதிரி. வீட்டுக்காரர் ஊருக்குப் போனாலும் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

16 ஜூன்

லித்தியம் போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று நாலு பேர் எழுதிவிட்டார்கள். உண்மை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்குத் தண்ணீர் வேண்டாம், ஆழமாக இறக்கினாலும் தாங்கும், டியூபுலரைவிடப் பல வருஷம் கூடுதலாக உழைக்கும். விலை அதிகம், அது போகட்டும். என் தயக்கம் வேறு. அதற்குள் செல்களைக் கண்காணிக்கும் ஒரு பி.எம்.எஸ். போர்டு இருக்கிறது, அது போனால் ஆத்தூரிலோ சேலத்திலோ திறந்து பார்க்க ஆள் குறைவு, கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். டியூபுலர் என்றால் நானே பார்ப்பேன், செத்தாலும் பழைய பேட்டரிக்கு ஒரு விலை கிடைக்கும். தம்பி, உங்கள் ஊரில் மாதம் ஒருமுறை மூடி திறந்து பார்க்க ஆள் இருக்கிறதா? பதில் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் முடிவு.

23 ஜூன்

பதில் வந்தது. மழைக் காலத்தில் பாதையே அறுந்துபோகும், சத்துணவு அமைப்பாளர் உள்ளூர்க்காரர், ஆனால் அவர் தலையில் ஏற்கெனவே நிறைய வேலை, ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் முடித்த ஒரு பெண் ஊரில் இருக்கிறார் என்கிறார். அந்தப் பெண்ணைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், இந்த இழையிலேயே முக்கியமான தகவல் அதுதான்.

இன்றைக்கு டிவியில் என்ன காட்டுவது என்பதைப் பார்க்கலாம். 2018-லிருந்து நம் பாடப் புத்தகத்தில் க்யூ.ஆர். கோடு இருக்கிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் சிக்னல் இருக்கும் இடத்துக்கு. உங்கள் ஊரில் சிக்னல் பாறைமேல் ஏறினால்தான் வரும் என்றால், ஆசிரியர் கீழே இருக்கும்போதே அந்த வாரத்துப் பாட வீடியோவை இறக்கிப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வரவேண்டும். இது பழகிவிட்டால் நெட் இல்லை என்ற பேச்சே வராது.

இன்னும் ஒரு படி போகலாம். ராஸ்ப்பெரி பை என்று உள்ளங்கை அளவு கணினி இருக்கிறது, பத்து வாட்டுக்குள் ஓடும். அதில் கோலிப்ரி என்ற இலவச மென்பொருளைப் போட்டால் அதுவே ஒரு வைஃபை கொடுக்கும். வகுப்பில் இருக்கும் பழைய லேப்டாப், டேப்லெட் எல்லாம் அதில் சேர்ந்து பாடம் பார்க்கலாம், வெளி நெட் தேவையே இல்லை. கிவிக்ஸ் என்று இன்னொன்று, தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் அதில் அடக்கிவிடலாம், ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள். அறிவியலுக்கு ஃபெட் சிமுலேஷன்கள். 2001-ல் இயற்பியல் நோபல் வாங்கிய கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமல் ஓடும், சிலது தமிழிலும் இருக்கிறது. மின்சுற்று சிமுலேஷனை ஏழாம் வகுப்பில் போட்டுக் காட்டினேன். ஒரு பையன் பேட்டரியின் இரண்டு முனையையும் வெறும் ஒயரால் நேராக இணைத்தான். திரையில் தீப்பிடித்தது. வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. அதை நிஜ ஒயரில் செய்து பார்க்க எந்த ஆசிரியரும் விடமாட்டார், விடவும் கூடாது. கணினிக்கு வகுப்பில் இடம் உண்டு என்று நான் நம்புவது இந்த மாதிரி இடங்களால்தான்.

2 ஜூலை

"கையில் ஆளுக்கொரு லேப்டாப் கொடுங்கள், பிள்ளைகள் தானாகக் கற்றுக்கொள்வார்கள்" என்று ஒரு நண்பர் நீளமாக எழுதியிருக்கிறார். 1999-ல் டெல்லி கல்காஜியில் சுகதா மித்ரா சுவரில் கணினி பதித்துவைத்த கதையையும் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் மௌஸ் பிடிக்கவும் படம் வரையவும் தாமே கற்றுக்கொள்வார்கள், அதில் சந்தேகமில்லை. வகுத்தல் கணக்கைக் கற்றுக்கொள்வார்களா என்பதுதான் கேள்வி.

பெரு நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டார்கள். கிராமப்புறப் பள்ளிகளில் ஆளுக்கொரு லேப்டாப். 319 பள்ளிகளை வைத்து நடந்த ஆய்வு 2012-ல் வந்தது. ஒரு பிள்ளைக்கு 0.12 கணினி என்று இருந்தது 1.18 ஆகிவிட்டது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் நகரவில்லை. ஆசிரியருக்கு அந்தக் கருவியை வைத்து என்ன பாடம் நடத்துவது என்று யாரும் காட்டித்தரவில்லை, பெரும்பாலான பள்ளிகளில் நெட்டும் இல்லை. பெட்டி வந்தது, பாடம் பழையபடியே ஓடியது.

2 ஜூலை, பின்னிரவு

மேலே எழுதியதை மட்டும் படித்தால் நான் கணினிக்கு எதிரி என்று தோன்றும். அதனால் இதையும் சேர்க்கிறேன். டெல்லியில் 619 பிள்ளைகளை வைத்து கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பார்த்தது வேறு மாதிரி வந்தது. பள்ளி விட்ட பிறகு ஒரு மையத்தில் நாலரை மாதம் மென்பொருள் வழியாகப் பாடம். கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். அந்த மென்பொருள் பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல், நிஜமாக எதுவரை தெரியும் என்று சோதித்து அங்கிருந்து கேள்வி கொடுத்தது. எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு நாலாம் வகுப்புக் கணக்கு தெரியாவிட்டால் நாலாம் வகுப்புக் கணக்கு. அக்கா இதைக் கேட்டுவிட்டு, இதைத்தானே அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து நாங்களும் செய்கிறோம் என்றார். ஆக, கருவி எதுவாக இருந்தாலும் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து கூட்டிப் போனால் பலன் இருக்கிறது. உங்கள் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டுக்கு அப்படி ஒன்று ஏற்பாடு செய்தால், மிச்சப் பணத்தில் நாலைந்து டேப்லெட் வாங்குவதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

14 ஜூலை

அந்த ஐ.டி.ஐ. பெண்.

ராஜஸ்தானில் திலோனியா என்ற ஊரில் பேர்ஃபூட் காலேஜ் இருக்கிறது, பங்கர் ராய் 1972-ல் ஆரம்பித்தது. பகலில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு அங்கே இரவுப் பள்ளி, சோலார் விளக்கு வெளிச்சத்தில். அந்த விளக்குகளைப் பூட்டுவதும் பழுது பார்ப்பதும் எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள். சர்க்யூட் போர்டில் எந்த நிறம் எங்கே போகும் என்று நிறத்தை வைத்தே கற்றுக்கொள்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பாட்டிமார்கள் வந்து கற்றுப்போகிறார்கள். படித்த இளைஞனுக்குச் சொல்லிக்கொடுத்தால் சான்றிதழை எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போய்விடுவான், பாட்டி ஊரிலேயே இருப்பார் என்பது பங்கர் ராய் சொல்லும் காரணம். கர்நாடகத்தில் ஹரீஷ் ஹண்டே 1995-ல் தொடங்கிய செல்கோவும் இதேபோல் யோசித்தது. பள்ளிக் கூரையில் பேனல், பிள்ளைக்கு வீட்டில் படிக்க ஒரு சின்ன விளக்கு, விளக்கின் பேட்டரியைப் பள்ளியில்தான் சார்ஜ் போட முடியும். பிள்ளை பள்ளிக்கு வந்தால் வீட்டில் வெளிச்சம்.

உங்கள் ஊரில் திலோனியா அளவுக்கு ஒன்றும் வேண்டாம். அந்தப் பெண்ணை பேனல் மாட்டும் நாளில் கூடவே நிற்க வையுங்கள், வேடிக்கை பார்க்க இல்லை, ஸ்பேனர் பிடிக்க. ஒயர் முறுக்குவதிலிருந்து எர்த் குழி வரை அவர் கையால் நடக்கட்டும். மாதா மாதம் ஒரு தொகை கொடுங்கள். இலவசச் சேவை என்று விடாதீர்கள், கல்யாணம் ஆகிப் போகலாம், வேறு வேலை கிடைக்கலாம், அப்படிப் போகும்போது இன்னொருவருக்குக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்று முதலிலேயே பேசிவையுங்கள். டியூபுலர் என்றால் ஒரு ஹைட்ரோமீட்டர், எதுவானாலும் ஒரு மல்டிமீட்டர், ஸ்பேனர் செட், கையுறை, கண்ணாடி வாங்கிக் கொடுங்கள், எல்லாம் சேர்த்தே ஐயாயிரம் தாண்டாது. மிச்சப் பணம் என்ன செய்வது என்று முதல் நாள் சொன்னேனே, ஒரு லட்சத்தைப் பள்ளி மேலாண்மைக் குழு பெயரில் வங்கியில் போடுங்கள். வட்டியில் அந்தப் பெண்ணின் சம்பளத்தில் ஒரு பங்கு வரும், அடுத்த பேட்டரிக்கு முதலும் இருக்கும். பழைய மாணவர்களிடம் இதை ஒப்புக்கொள்ள வைப்பது கஷ்டம் என்று தெரியும். ஸ்மார்ட் போர்டு முன்னால் நின்று போட்டோ எடுக்கலாம், டெபாசிட் ரசீது முன்னால் யார் போட்டோ எடுப்பார்கள். ஆனாலும் வாதாடுங்கள்.

ஆள் இருக்கிறார் என்று ஆன பிறகும் எனக்கு இப்போது லித்தியம் பக்கம்தான் மனசு சாய்கிறது. பாதை அறுந்தால் டிஸ்டில்டு வாட்டர் கேனும் மேலே வராது, பழைய பேட்டரியும் கீழே இறங்காது. ஜூன் 16-ஆம் தேதி எழுதியது ஆத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்குப் பொருந்தும்.

21 ஜூலை

காலை உணவுத் திட்டச் சமையலுக்கு மிக்ஸியையும் இதிலேயே ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. மிக்ஸி 750 வாட், கிளம்பும்போது அதைவிடப் பல மடங்கு இழுக்கும். பச்சைமலையில் ஒரு பள்ளியில் தினமும் காலை எட்டு மணிக்கு இன்வெர்ட்டர் டிரிப் ஆகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஒயரிங், பேட்டரி எல்லாம் பிரித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மறுநாள் காலையிலேயே போய் உட்கார்ந்தேன். சரியாக எட்டுக்குச் சமையல் அக்கா கையில் சட்னி ஜாரோடு ஒன்றாம் வகுப்புக்குள் வந்தார். அங்கே இருந்த பிளக்கில்தான் "கரண்ட் போகவே போகாதாம்". பிள்ளைகள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்கள். சமையல் கூடத்துக்கு இ.பி. லைன் தனியாகவே இருக்கட்டும்.

18 ஆகஸ்ட்

இங்கே ஒரு ஆசிரியர் நல்ல குறிப்பு தந்திருக்கிறார். அரசே தொடக்கப் பள்ளிகளில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகளும், நடுநிலைப் பள்ளிகளுக்கு ஹை-டெக் லேபும் கொண்டுவருகிறது, பள்ளி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள் என்கிறார். கட்டாயம் கேளுங்கள் தம்பி. லேப் வருகிறது என்றால் டேப்லெட் வாங்க வேண்டாம், அந்தப் பணமும் பேட்டரி டெபாசிட்டுக்குப் போகட்டும். டெஸ்க்டாப்களை மட்டும் உங்கள் 1 கிலோவாட்டில் ஏற்றாதீர்கள், அதற்கு இந்தப் பேட்டரி தாங்காது. நன்கொடையை அரசின் "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டம் வழியாகவும் கொடுக்கலாம், கணக்கு சுத்தமாக இருக்கும்.

அரசு கொண்டுவந்தாலும் தரையில் ஆள் வேண்டும் என்பதற்கு எடுசாட் ஒரு சாட்சி. 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது, கல்விக்கென்றே இஸ்ரோ அனுப்பிய செயற்கைக்கோள். வானத்தில் அது தன் வேலையைச் செய்தது. கீழே பள்ளிகளில் வைத்த ரிசீவர்கள் பல, மின்சாரமும் பழுது பார்க்க ஆளும் இல்லாமல் முடங்கியதைத் தணிக்கை அறிக்கையே எழுதியது. 2010-ல் செயற்கைக்கோளுக்கே காலம் முடிந்துவிட்டது. ராக்கெட் விடத் தெரிந்த நாட்டில் பள்ளிக்கூடத்து ஃபியூஸ் போட ஆள் இல்லாமல் போவதை என்னால் ஜீரணிக்க முடிவதில்லை.

20 அக்டோபர்

மாட்டியாயிற்று, படம் பார்த்தேன். தெற்குப் பார்த்து இருக்கிறது, சாய்வும் சரி. பத்து டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் மழையே தூசியைக் கழுவிவிடும். பலாமரத்தின் நிழல் மூலையில் விழுகிறது, கவனித்தீர்களா? ஒரு பேனலின் மூலையில் நிழல் விழுந்தாலும் வரிசை முழுவதும் மந்தமாகும். மரத்தை வெட்டாதீர்கள், அந்த ஒரு கிளையைக் கழித்தால் போதும். ஒயரை பி.வி.சி. பைப்புக்குள் விடுங்கள், இல்லையென்றால் குரங்கு இழுக்கும். துடைப்பது வெயில் ஏறுமுன், வெறும் துணியும் தண்ணீரும். போர் தண்ணீர் உப்பு என்றால் வெள்ளைத் திட்டு விழும், மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள்.

இடிதாங்கியும் எர்த்தும் இருக்கிறதா? சித்திரை மழையில் உங்கள் மலையில் விழும் இடியை நான் பார்த்திருக்கிறேன்.

4 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் 30-ஆம் தேதி ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையேறி, ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டித் தீர்த்தது. கல்வராயனிலும் நல்ல அடி. நேற்று தம்பி போன் செய்தார். இ.பி. லைன் இன்னும் வரவில்லை, மூன்று நாளாக வெயிலும் இல்லை, பேட்டரி 30 சதவீதத்துக்கு வந்துவிட்டது, என்ன செய்வது என்றார். டிவி வேண்டாம், ஃபேன் வேண்டாம், விளக்கு இரண்டு, போன் சார்ஜ் மட்டும் என்றேன். அவர் சொல்வதற்கு முன்பே அந்தப் பெண் அதைச் செய்துவைத்திருந்தாராம், யார் யார் போனை எத்தனை நிமிடம் போடலாம் என்று கரும்பலகையில் எழுதியே வைத்துவிட்டாராம். பிரசவத்துக்கு நாள் நெருங்கிய ஒருவர் வீட்டுப் போன்தான் முதலில். அவரை இன்னும் நேரில் பார்த்ததில்லை, பார்த்தால் என் கடையில் வேலைக்கு வருகிறாயா என்று கேட்க ஆசை, ஆனால் கேட்கமாட்டேன், ஊருக்கு அவர் வேண்டும்.

மூன்று நாள் வெயில் இல்லாவிட்டாலும் செட் தாங்க வேண்டும் என்று பேட்டரியை இரட்டிப்பாக்கச் சிலர் சொல்கிறார்கள். வருஷத்தில் அப்படி வருகிற சில நாட்களுக்காக அவ்வளவு செலவு வேண்டாம் என்பது என் கருத்து. அந்த நாட்களில் லோடைக் குறைக்கத் தெரிந்தால் போதும்.

5 ஜனவரி 2025

நாட்டின் பள்ளிகளைப் பற்றிய அரசுக் கணக்கெடுப்பான யுடைஸின் 2023-24 அறிக்கை வந்திருக்கிறது. நாட்டில் பத்தில் ஒன்பது பள்ளிக்கு மேல் மின்சாரம் இருக்கிறது. வேலை செய்யும் கணினி இருப்பது 57.2 சதவீதப் பள்ளிகளில், இணையம் 53.9 சதவீதத்தில். மின்சாரக் கணக்கில் உங்கள் பள்ளியும் "இருக்கிறது" என்றுதான் போகும். வாரத்தில் இரண்டு நாள் போய்விடுகிற லைனுக்கு அங்கே தனிக் கட்டம் இல்லை. இதைப் பள்ளி மேலாண்மைக் குழு (எஸ்.எம்.சி.) கூட்டத்தில் தீர்மானமாக எழுதி அனுப்புங்கள், மழைக் காலத்தில் எத்தனை மணி நேரம் கரண்ட் இல்லை என்று தேதி போட்டு. அந்தப் பெண் எப்படியும் மீட்டர் ரீடிங் நோட்டு வைத்திருக்கிறார்.

9 மார்ச்

பேனல் திருட்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். கீழே சமவெளியில் பேட்டரி போகும், மலையில் அவ்வளவு இல்லை. ஆனாலும் நட்டுகளில் இரண்டை வெல்டு வைத்துவிடுங்கள். பேனல், இன்வெர்ட்டர், பேட்டரி மூன்றின் சீரியல் எண்ணையும் பில் நகலையும் பள்ளியின் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்றச் சொல்லுங்கள், தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு. நன்கொடைப் பொருள் என்று ரெஜிஸ்டரில் ஏறாமலே பல பள்ளிகளில் கிடக்கிறது, அடுத்த தலைமை ஆசிரியர் வந்ததும் இது யாருடையது, தொடலாமா கூடாதா என்று குழம்பி அப்படியே பூட்டி வைத்துவிடுகிறார். வாரண்டி கார்டில் வாங்கியவர் பெயராக உங்கள் பெயர் இருக்கிறது, அதையும் பள்ளியின் பெயருக்கு மாற்றுங்கள். மே மாதத்துக்குள் முடியுங்கள், ஜூனில் இடமாறுதல் கலந்தாய்வு வந்தால் ஆள் மாறிவிடும்.